மேடை கோணல் இல்லை ஐயா, மேடையே இல்லை

சென்ற இதழில் ஒரு பெரியவர் நமக்கெல்லாம் புத்தி சொல்லியிருந்தார். விளையாட்டுத் துறையில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், நாலு பேர் மதிக்கிற மனிதர். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: மலேசியத் தேசிய அணிகளில் இந்தியர்கள் குறைந்துபோனதற்கு இந்தியர்களே காரணம். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை. ஸ்டாப்வாட்ச்சுக்கு இனம் தெரியாது. தகுதி உள்ளவன் எந்தக் காலத்திலும் மேலே வந்திருக்கிறான். ஜெகதீசன் வரவில்லையா, ஆறுமுகம் வரவில்லையா? ஆகவே சமத்துவம், பாகுபாடு என்று பேசுகிறவர்கள்தான் விளையாட்டுக்குள் இனவாதத்தைக் கொண்டுவருகிறார்கள். போகிற போக்கில் ஒரு பழமொழியையும் எடுத்து வீசிவிட்டுப் போயிருந்தார்: ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

நல்ல பழமொழி. பத்து காஜாவில் உட்கார்ந்து இதைப் படிக்கிற எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். எந்த மேடை?

முதலில் அந்த ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொள்வோம். அதற்கு இனம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு பஸ் நேரமும் தெரியாது. பத்து காஜாவுக்கு வெளியே ஒரு தோட்டத்து ஓரம் குடியிருக்கும் 13 வயதுப் பையன் நன்றாக ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி ஈப்போவில், பேராக் ஸ்டேடியத்தில். வீட்டிலிருந்து டவுனுக்கு வர அப்பாவின் மோட்டார் சைக்கிள் வேண்டும். அப்பா வேலைக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை. டவுனிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் மேடான் கிட் பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஸ்டேடியத்துக்கு இன்னொரு பஸ், இல்லையென்றால் கிராப். பயிற்சி முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். திரும்புகிற பஸ்ஸை நம்ப முடியாது. அம்மா தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். பையன் முதல் வாரம் போவான். அடுத்த வாரம் ஒரு நாள் தவறும். பிறகு பயிற்றுநரின் நோட்டில் அவன் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று விழும். அந்த ‘வரவில்லை’யைத்தான் பெரியவர் ‘ஆர்வம் இல்லை’ என்று வாசித்திருக்கிறார்.

ஆர்வம் இருந்ததா இல்லையா என்று கேட்கிறவருக்குத் தோட்டத்துக் காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அவரும் அதைப் பார்த்தவர்தான், மறந்துவிட்டார் போலும். லயம், கோவில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, திடல் எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். பால்மரம் வெட்டுவது விடியுமுன் தொடங்கும் வேலை. பாலை எடுத்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டால் பிற்பகலோடு அன்றைய பாடு முடிந்தது. மாலை முழுக்கக் கையில் இருக்கும், வாசலைத் தாண்டினால் திடல் இருக்கும். சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதைவிட ஒரு திடலை வெட்டிக் கொடுப்பது மலிவு என்று துரைமார்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் நல்ல மனதால் கொடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொடுத்தார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் காற்பந்து நடக்கும். கிராணி மகனும் தண்டல் மகனும் வெட்டுக்காரன் மகனும் ஒரே அணியில் ஆடுவார்கள். காலணி இல்லாத பையன் வலது புற ஆட்டக்காரனாக நின்று பக்கத்துத் தோட்டத்தைக் கலங்கடிப்பான். அவனைப் பார்க்க ஊரே வரப்பில் நிற்கும்.

அந்தத் திடல் எங்கே போனது? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. துண்டாடலுக்கு எதிராகத்தான் 1960-ல் சுங்கை சிப்புட்டுக்காரர் துன் சம்பந்தன் ஆளுக்குப் பத்து வெள்ளி என்று திரட்டி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தால் சில தோட்டங்களைக் காப்பாற்ற முடிந்தது. மற்றவை கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு வீட்டு நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆனது. எங்கள் வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் கோல்ஃப் திடல் கூட வந்துவிட்டது. ஆக நிலப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காத மாளிகைக்குச் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள். நம்மவர்கள் ஆடிய திடலுக்குப் பலகை வைக்கக்கூட ஆள் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் டவுன் ஓரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போயின. அங்கே கார் நிறுத்த இடம் இருக்கும், பந்து உதைக்க இடம் இருக்காது.

தமிழ்ப்பள்ளித் திடலாவது இருக்கிறதே என்பார். நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பெரும்பகுதி பகுதி உதவி பெறும் பள்ளிகள், பல பள்ளிகள் நிற்பது தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில். நிலம் கம்பெனியுடையது என்றால், திடலைச் சமப்படுத்த அரசாங்கப் பணம் கேட்டுப் போகும் தலைமையாசிரியருக்கு முதல் கேள்வியே நிலப் பட்டா எங்கே என்பதுதான். நூறு பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள் ஏராளம். ஓர் அணி சேர்க்கவே மூன்று வகுப்புகளை அலச வேண்டும். இப்படிப்பட்ட பள்ளியிலிருந்து வந்து மாவட்டப் போட்டியில் ஒரு பிள்ளை நாலாவதாக ஓடினால், நான் அந்த நாலாம் இடத்தைத்தான் முதலில் கைகுலுக்கிப் பாராட்டுவேன்.

ஹாக்கியைப் பற்றிப் பெரியவர் பூசினாற்போல் இரண்டு வரி எழுதிவிட்டு நழுவியிருக்கிறார். நழுவக்கூடாத இடம் அது. ஈப்போவில் இருந்துகொண்டு ஹாக்கியைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்துகிறவரை என்ன சொல்ல! 1983-லிருந்து சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் நடக்கும் நாட்டில் ஹாக்கி ரசிகனுக்கு ஈப்போ என்றால் தனி மரியாதை. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது மலேசியா நாலாவது இடம் பிடித்தது. அரையிறுதியில் இந்தியாவைக் கடைசி நிமிடங்கள் வரை தண்ணீர் குடிக்க வைத்தது நம் அணி. அஸ்லாம் ஷேர் கான் வந்து சமன் செய்யாமல் இருந்திருந்தால் இறுதி ஆட்டத்தில் இருந்திருப்போம். கூடுதல் நேரத்தில் 3-2 என்று போனது. அந்த அணியில் ஸ்ரீ சண்முகநாதன் ஆடினார், புன் ஃபூக் லோக் ஆடினார், மலாய்க்காரர் ஆடினார், சீனர் ஆடினார், யுரேசியர் ஆடினார். இப்போது தேசிய ஆடவர் அணியின் பட்டியலைப் பாருங்கள். இந்தியப் பெயர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம்.

நடுவில் என்ன நடந்தது? நம் ரத்தம் கெட்டுப்போய்விடவில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கியைச் செயற்கைத் தரையில் நடத்தினார்கள். அத்தோடு புல்தரை ஹாக்கிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதுவரை பள்ளித் திடலிலும், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பொட்டலிலும், தோட்டத்துத் திடலிலும் ஒரு மட்டையும் பந்தும் இருந்தால் ஹாக்கி. அதற்குப் பிறகு, செயற்கைத் தரை இருக்கிற ஊரில் இருப்பவனுக்குத்தான் ஹாக்கி. புல்லில் பழகியவனைக் கொண்டுபோய் டர்ஃபில் விட்டால் பந்தின் வேகமே வேறு. பந்து வந்து போன பிறகுதான் அவன் மட்டை இறங்கும். மட்டையின் விலை ஏறியது, காலணியின் விலை ஏறியது. பயிற்சி, விளையாட்டுப் பள்ளிகளுக்குள் போனது: 1996-ல் புக்கிட் ஜாலில், 1998-ல் பண்டார் பெனாவார். அந்தப் பள்ளிகளைத் தொடங்கியது தவறு என்று எந்த முட்டாளும் சொல்லமாட்டான். நல்ல ஆட்டக்காரர்களை அவை தந்திருக்கின்றன. ஆனால் தேசிய அணிக்கான பெரிய வாசல் அதுதான் என்று ஆகிவிட்ட பிறகு, அந்த வாசல்வரை யார் நடந்து வர முடிகிறது என்று கேட்பது எப்படி இனவாதம் ஆகும்? தன்னைப் போல் இன்னொருவன் இல்லாத விடுதிக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்குகிற தாயிடம் யாராவது போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா? வீட்டுக்கு வந்து போகச் செலவு யார் தருவார்கள், சாப்பாடு எப்படி, தமிழ் படிக்க முடியுமா என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பதுதான் சமத்துவக் கொள்கை. பதில் இல்லாமல், ‘விண்ணப்பம் அனைவருக்கும் திறந்திருக்கிறது’ என்று போர்டு மாட்டிவைப்பது கொள்கையே இல்லை.

அடுத்து, ஜெகதீசன் வாதம். இதை அவர் துருப்புச் சீட்டாக இறக்கியிருக்கிறார். கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் மூன்றிலும் தங்கம் வாங்கினார். 1968-ல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017-ல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் வர வேண்டியிருந்தது. நம் எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் அவர் யாருடைய மகன்? தந்தை வாசகம் விளையாட்டு அமைப்புகளுக்காகப் பாடுபட்டவர். மகன் மருத்துவம் படித்தவர், அதனால்தான் ‘பறக்கும் டாக்டர்’ என்று பெயர். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தானாக முளைத்தவர் என்று அவரைக் காட்டுவது அவருக்கே அவமரியாதை. அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்ற ராஜாமணியும் இந்தப் பேராக் மண்தான். அவர்களுடைய தலைமுறைக்குப் பள்ளித் திடல் இருந்தது, திடலில் நின்று பார்க்கிற ஆசிரியர் இருந்தார், பார்த்ததை மேலிடத்துக்கு எழுதிப் போடுகிற சங்கம் இருந்தது. கோல்காப்பாளர் ஆறுமுகம் பிறவிக் கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. அவரை ஸ்பைடர்மேன் ஆக்கியது அவருடைய கைகள். அந்தக் கைகளைக் கண்டுபிடித்தது யாரோ ஒருவரின் கண். பெரியவர் அந்தக் கண்ணைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டார்.

உடல்வாகு பற்றியும் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார், இந்தியப் பிள்ளைகளுக்குக் காற்பந்துக்கான உடற்கட்டு இல்லை என்கிற மாதிரி. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2010-ல் ஆசியான் சுசுகி கிண்ணத்தை மலேசியா முதல் முறையாக வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால், அணியில் குணாளனும் குருசாமியும் இருந்தார்கள். தினா முரளிதரன் பியர்லி டானோடு சேர்ந்து 2025 உலகப் பூப்பந்துப் போட்டியில் வெள்ளி வாங்கினார். கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து கிடந்த சிவசங்கரி மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தங்கம் எடுத்தார். உடல்வாகு என்ற பேச்சை இத்தோடு மூட்டை கட்டலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விளையாட்டில் இனத்தைக் கொண்டுவராதீர்கள் என்கிற அறிவுரை. கேட்க மிக நாகரிகமாக இருக்கும். வரலாற்றில் இதை உரக்கச் சொன்னவர்கள் யார் என்று பார்த்தால் நாகரிகம் கொஞ்சம் கழன்றுவிடும். 1968-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கலப்பினத்தவரான பாசில் டி’ஒலிவெய்ராவை இங்கிலாந்து கிரிக்கெட் அணியில் முதலில் சேர்க்காமல் விட்டுவிட்டு, ஆட்டத்தில் அரசியல் வேண்டாம் என்றார்கள். இன்னொருவர் விலகியதால் அவரைச் சேர்த்ததும், தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் அந்த அணியையே ஏற்க முடியாது என்றார். சுற்றுப்பயணம் ரத்தானது. ஆட்டத்துக்குள் இனத்தைக் கொண்டுவந்தது யார், டி’ஒலிவெய்ராவா? இனவொதுக்கலைக் காமன்வெல்த் மாநாட்டில் துணிந்து கிளப்பியவர் நம் துங்கு அப்துல் ரஹ்மான், 1960-ல். அவரையும் வாயை மூடச் சொல்லியிருப்பாரா நம் பெரியவர்?

அதே தென்னாப்பிரிக்காவின் ரக்பி அணி 1995-ல் உலகக் கிண்ணம் வென்றபோது வெள்ளையரல்லாத ஒரே ஆட்டக்காரர் செஸ்டர் வில்லியம்ஸ். 2019-ல் கிண்ணத்தைத் தூக்கியவர் கறுப்பினத் தலைவர் சியா கொலிசி. இடையில் நடந்தது என்ன? ஒதுக்கீடு பற்றிக் கூச்சல் போட்டவர்களைத் தாண்டி, ஸ்விடே என்கிற ஏழைக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைக் கண்டு, நல்ல பள்ளியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்த்தார்கள். அவன் திறமை அவனுடையது. பள்ளிக்கட்டணம் அவனுடையதல்ல.

நம் நாட்டுக்கே வருவோம். 2021 அக்டோபரில் சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் ஜப்பானின் யமாகுச்சியிடம் கிசோனா செல்வதுரை தோற்றார். உலகின் முன்னணி வீராங்கனையிடம் தோற்பது குற்றமில்லை. ஆனால் பாசீர் பூத்தே தொகுதியில் பொறுப்பில் இருந்த ஓர் அரசியல்வாதி அவருடைய நிறத்தையும் இனத்தையும் இழுத்து, நம்மை இழிவுபடுத்தும் அந்தப் பழைய சொல்லைப் போட்டு எழுதினார். 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் நாட்டுக்கு ஒற்றையர் தங்கம் கொண்டுவந்த பெண்ணுக்கு இது கைமாறு. எழுதியவர் மன்னிப்புக் கேட்டார், மலாய்க்காரர்கள், சீனர்கள் உட்படப் பலரும் கிசோனாவுக்காகப் பேசினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். நம் பெரியவர் இதை ஒரு தனிமனிதனின் வாய்த்துடுக்கு என்று ஒதுக்கித் தள்ளுகிறார். வென்றால் மலேசியப் பெண், தோற்றால் இந்தியப் பெண் என்று பார்க்கும் கண் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது என்று அவர் உண்மையிலேயே நம்புகிறாரா?

இந்தியர்களுக்கென்று காற்பந்துச் சங்கம் வைத்திருப்பதே இனவாதம் என்றும் ஒரு குத்து விட்டிருந்தார். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியாக வந்த அணி 2017-ல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை போனது. எல்லா இனத்து ஆட்டக்காரர்களும் அதில் ஆடினார்கள். 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அந்த அணி போனதால் எத்தனை இளைஞர்களுக்குச் சம்பள ஒப்பந்தம் போனது என்று அழுதவர்களில் அவரை நான் பார்க்கவில்லை. இனவாரிச் சங்கங்களைக் கண்டுபிடித்தது நாமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கிளப்புக்குக் கிளப் இனம் பிரித்து வைத்தார்கள், அந்தப் பழக்கம் தொடர்கிறது. கதவு எல்லாருக்கும் ஒன்றாகத் திறக்கும் நாளில் எங்கள் தனிக் கதவை நாங்களே ஆணியடித்து மூடுவோம்.

தகுதி, தகுதி என்று கட்டுரை முழுக்க முழங்கியவரிடம் தகுதியைப் பற்றி ஒரு செய்தி கேட்க வேண்டும். 2025 ஜூனில் வியட்நாமை நம் தேசிய காற்பந்து அணி 4-0 என்று அடித்தது. நாடே கொண்டாடியது. செப்டம்பரில் ஃபிஃபா ஒழுங்குக் குழு, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்காகக் கொடுத்த ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்றது. அவர்களுடைய தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டப்பட்டது. அசல் பத்திரத்தில் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை, காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். தொழில்நுட்பத் தவறு என்று விளக்கம் சொன்னார்கள்.

இனி எங்கள் பக்கத்துத் தாத்தாக்களைப் பார்ப்போம். இந்த மண்ணில், தோட்டத்து லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள். பிறப்பைப் பதிய ஆபிசுக்குப் போக நாள் கூலி போகும் என்று விட்டுவிட்டார்கள். பத்திரம் இல்லாத தாத்தாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள கார்டு, அதனால் பிள்ளைக்குச் சிக்கல், பேரனுக்கு அதைவிடச் சிக்கல். பேரன் பள்ளியில் நன்றாகப் பந்து உதைப்பான். பதிவுக்கு மைகார்டு கொண்டுவா என்றதும் மூலையில் போய் நிற்பான். கடல் தாண்டிப் போய், பிறக்காத தாத்தாவை மலேசியாவில் பிறக்கவைக்க முடிகிற நாட்டில், இங்கேயே பிறந்து இங்கேயே செத்த தாத்தாவுக்கு ஒரு பத்திரம் கிடைக்க மூன்று தலைமுறை போதவில்லை. தகுதி பற்றிய அடுத்த கட்டுரையை இந்த இடத்திலிருந்து அவர் தொடங்கலாம்.

நம்மவர்கள் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சங்கங்கள் விருந்துக்குச் செலவழிப்பதில் பாதியைக்கூட வேனுக்குச் செலவழிப்பதில்லை. பிள்ளையைவிட உயரமான கிண்ணத்தை வாங்கி, ஒரு மக்கள் பிரதிநிதியைக் கூப்பிட்டுப் பந்தை உதைக்கச் சொல்லிப் படம் பிடித்து, மறுநாள் திடலைப் பூட்டிவிடுகிறோம். பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடினால் முகம் சுளிக்கும் மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு ஒழிந்தும் டியூஷன் ஒழியவில்லை. பெரியவர் திட்டியதில் இந்தப் பகுதி மட்டும் சரி. ஆனால் வீட்டுக் குற்றத்தைக் காட்டி நாட்டுக் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

அவர் பதில் எழுதப்போவதாகக் கேள்விப்படுகிறேன். தாராளமாக எழுதட்டும். இன்னொரு பழமொழி வேண்டாம். இவ்வளவு காலம் பொறுப்பில் இருந்தவருக்குப் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்குவது கடினமில்லை. பேராக்கில் 12 வயதுப் பிரிவில் மாவட்ட அளவில் ஓடிய, ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேர் 15 வயதிலும் களத்தில் இருந்தார்கள், விட்டுப் போனவர்கள் எந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், அவர்கள் வீட்டுக்கும் பயிற்சித் திடலுக்கும் எவ்வளவு தூரம் என்று எடுத்துப் போடட்டும். இனம் பார்க்கக்கூடாது என்பவருக்கு அதை எப்படி இனவாரியாகப் பிரிப்பது என்ற கவலை வேண்டாம். அவர் காலத்தில் அவரே கையெழுத்துப் போட்ட பாரங்களில், பெயருக்குக் கீழே, இனத்தைக் கேட்கும் ‘பங்சா’ என்று ஒரு கட்டம் இருக்கும்.